அப்பா இறங்காத துறைமுகம்

கப்பலில் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா, தான் ஆசைப்பட்டதால்தான் இவ்வளவும் வந்தது என்று பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஆசைப்பட்டது உண்மை. கட்டுமாவடியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அறுபது வயது வரை கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கம் பெண்கள் படகேறிக் கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஒருநாள் சாயங்காலம் டிவியில், சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலைக் காட்டினார்கள். அம்மா அப்பாவைப் பார்த்து, "கரையே தெரியாத எடத்துல நின்னா எப்புடிங்க இருக்கும்?" என்றாள்.

"என்னத்த இருக்கும்? தண்ணியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

நான் புதுக்கோட்டையில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். சனி ஞாயிறுதான் ஊருக்கு வருவேன். அந்த வருஷக் கோடை விடுமுறைக்கு மூன்று பேரும் அந்தக் கப்பலில் போவது என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே அப்படித்தான்.

அவர் எப்போதும் அப்படி இருந்தவர் அல்ல. நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் அவர் கோட்டைப்பட்டினத்தில் ஒரு விசைப்படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு புதன்கிழமை கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. எல்லை தாண்டி மீன் பிடித்ததாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று மறுநாள் மத்தியானம் தகவல் வந்தது. படகில் ஐந்து பேர். அம்மா மற்ற நாலு வீட்டுப் பெண்களோடு சேர்ந்து மணமேல்குடிக்கும் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்கும் மனுவோடு அலைந்தாள். நான் தமிழில் மனு எழுதித் தருவேன். ஒவ்வொரு மனுவிலும் "என் கணவர் ஒரு பாவமும் அறியாதவர்" என்று போடச் சொல்லுவாள். எழுபது நாளுக்கு மேல் ஆயிற்று. யாழ்ப்பாணத்து ஜெயிலிலிருந்து அவர்களை விடுவித்து, தற்காலிகமாக ஒரு காகிதம் கொடுத்து, விமானத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள். மீன்துறை வேன் ஊர் முனையில் இறக்கிவிட்டது. இறங்கியவரை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சட்டைக் கழுத்து அவ்வளவு தொளதொளவென்று இருந்தது.

அங்கே கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார்களாம். ஐந்து பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஆறு மாதச் சிறை என்று தீர்ப்புச் சொல்லி, அதை ஐந்து வருஷத்துக்கு நிறுத்திவைத்து, மறுபடி வந்தால் உள்ளேதான் என்று எச்சரித்து அனுப்பினார்கள். எங்களுக்கு அது விடுதலை. "விட்டுட்டாங்க" என்றுதான் ஊர் முழுக்கச் சொன்னோம். தண்டனை என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பா விசைப்படகில் கால் வைக்கவில்லை. கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போனார். இன்று வரைக்கும் அதுதான்.

கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டோம். மணமேல்குடியிலிருந்து விசாரணைக்கு வீட்டுக்கு வந்த போலீஸ்காரர், "ஒங்க மேல கேசு கீசு ஏதும் இருக்காங்க?" என்று கேட்டார்.

"இங்க ஒண்ணும் இல்லைங்க" என்றார் அப்பா.

அந்த 'இங்க' என்ற சொல்லைப் போலீஸ்காரர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு அவருக்கு டீ கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

புதுக்கோட்டை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். கணக்கில் திணறி, கடைசியில் எண்பது எடுத்தவள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இலங்கை விசாவுக்கான விண்ணப்பத்தை அவளே திரையில் நிரப்பிக்கொண்டு வந்தாள். அம்மாவுடையது முடிந்து அப்பாவுடையதுக்கு வந்தபோது, ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"எந்த நாட்டுக் கோர்ட்லயாவது தண்டனை வாங்கியிருக்காரா, எந்த நாட்டுலேருந்தாவது திருப்பி அனுப்பியிருக்காங்களா..." என்று படித்துவிட்டுச் சிரித்தாள். "இல்லைன்னுதானே டீச்சர்?"

எனக்கு அது ஒரு கணம்தான். இவளிடம் என் அப்பா ஜெயிலில் இருந்தார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது அந்த மேசையோடு நிற்காது. பழைய கேஸ், நிறுத்திவைத்த ஐந்து வருஷமும் எப்போதோ தீர்ந்துவிட்டது, இனிமேல் அது கேஸே இல்லை என்றெல்லாம் மனசு வேகமாகச் சொல்லிக்கொண்டது. நான் தலையை ஆட்டினேன். அவள் 'இல்லை' என்பதில் அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

மூன்றாம் நாள் மூன்று பேருக்கும் அனுமதி வந்துவிட்டது. கடைசித் தீர்மானம் துறைமுகத்தில் இருக்கும் அதிகாரியுடையது என்று அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. நான் அதைப் படித்தேன். எல்லாருக்கும் போடுகிற வரி என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலில் அம்மா சிறுபிள்ளை ஆகிவிட்டாள். லிப்டில் மேலேயும் கீழேயும் போய்வந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் எதை எடுத்தாலும் யாரும் கேட்பதில்லை என்பதை நம்பாமல், ஒவ்வொரு தடவையும் பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். மறுநாள் காலையில் மேல்தளத்துக்குப் போனோம். நாலு பக்கமும் கரை இல்லை. அம்மா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்புறம், "இதுக்குள்ளதான் அத்தன வருசமும் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தண்ணீர் ஓடுகிற போக்கை எங்கள் பக்கம் நீவாடு என்போம். "நீவாடு வடக்க இழுக்குது பாரு. இதுல வலை போட்டா வலை இங்கிட்டு நிக்காது, அங்கிட்டுப் போயிரும்" என்று அம்மாவுக்குக் கையை நீட்டிக் காட்டினார். பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம்கூட அவர் கை போன திசையைப் பார்த்தது. நான் போட்டோ எடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலை கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. இறங்க விரும்புகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு ஐந்தாம் தளத்துக் கூடத்துக்கு வர வேண்டும் என்று அறிவித்தார்கள். இலங்கை அதிகாரிகள் கப்பலுக்கே வந்து மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தார். கோணேசர் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

எங்கள் மேசையில் என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி இருந்தார். அம்மாவுக்கு முத்திரை விழுந்தது. எனக்கும் விழுந்தது. அப்பாவின் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்ததும் அவர் கை நின்றது. திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். இரண்டு கட்டை விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். ஐஸில் வேலை செய்து செய்து அப்பாவின் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மூன்று தடவை வைத்த பிறகுதான் பதிந்தது.

"ஐயா, நீங்கள் முந்தி இலங்கைக்கு வந்திருக்கிறீங்களோ?"

"வந்திருக்கேம்மா."

"எப்ப?"

"பத்தொம்பது வருசம் இருக்கும். போட்டுல வந்தோம்."

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற தமிழ்க்காரர் ஒருவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

"வழக்கு ஏதும் இருந்ததோ?"

"இருந்துச்சும்மா. யாழ்ப்பாணத்துல உள்ள இருந்தோம். அப்பறம் விட்டுட்டாங்க."

சிரித்தவர் நிறுத்திவிட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அதிகாரி திரையை எங்கள் பக்கம் லேசாகத் திருப்பினார்.

"இந்தப் படிவத்தில இல்லை எண்டு போட்டிருக்கு. இது ஆர் நிரப்பினது?"

அப்பாவுக்கு அது என்ன படிவம் என்றே தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார், பார்த்த உடனே புரிந்துகொண்டார். "நாந்தாம்மா" என்றார்.

"நீங்களோ? இது இங்கிலீஷில எல்லோ இருக்கு?"

அப்பா மறுபடி என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க மேடம்" என்றேன். "அவர்கிட்ட நான் கேக்கவே இல்லை. தப்பு என்னோடது. எது எழுதணுமோ என் பேர்ல எழுதுங்க."

"அம்மா, படிவம் அவற்ற பேரில இருக்கு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

எங்களை ஒரு ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு அவர் தன் மேலதிகாரியிடம் போனார். கூடம் முழுக்க ஆட்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அரைமணி கழித்துத் திரும்பி வந்து என் முன்னால் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"வழக்குப் பழசு. உண்மையைப் போட்டிருந்தா விசா தர முந்தியே யோசிச்சிருப்பினம். ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரு பதில் வந்திருக்கும். இப்ப பிழையான தகவல் தந்ததாப் போச்சு. அதை எங்களால விட ஏலாது. ஐயா கரைக்கு இறங்கக் கூடாது. நீங்கள் ரெண்டு பேரும் தாராளமாப் போய் வாங்கோ."

நான் என்னென்னவோ சொன்னேன். அவருக்கு வயது அறுபத்தாறு என்றேன், கோயிலுக்கு மட்டும் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்றேன், வேண்டுமானால் கூட ஒரு ஆளை அனுப்புங்கள் என்றேன். வகுப்பில் தப்பாகப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு மார்க்குக்குக் கெஞ்சுகிற பிள்ளைகள் போல நின்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அப்பாவின் பாஸ்போர்ட்டை ஒரு உறையில் போட்டுக் கப்பல்காரர்களிடம் கொடுத்தார்.

அதோடு முடியவில்லை. இறங்க அனுமதி மறுக்கப்பட்டவர், கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் வரை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி என்று கப்பலின் பாதுகாப்பு அதிகாரி வந்து சொன்னார். அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு ஒரு நேபாளத்துப் பெண்ணைக் காவலுக்கு உட்காரவைத்தார்கள். ஜன்னல் வைத்த அறைகள் முன்னமே தீர்ந்துவிட்டதால் நான் எடுத்திருந்தது உள்ளறை. நாலு பக்கமும் சுவர். கடல் இருக்கிற திசை எது என்றுகூட உள்ளே தெரியாது.

அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்த சீப்பை எடுத்து மேசையில் வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார்.

"நாங்க எங்கிட்டும் போகல" என்றாள் அம்மா.

"போங்களேன்! நான் என்ன சாகவா கெடக்குறேன்? ஒனக்காகத்தான இம்புட்டுத் தூரம் வந்துச்சு?"

"ஒங்கள இங்க அடச்சு வச்சிட்டு நான் சாமி கும்புடவா?" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. சத்தம் வரவில்லை.

என்னால் அறைக்குள் இருக்க முடியவில்லை. கீழே வரவேற்பு மேசைக்குப் போனேன். அவர்கள் தங்கள் மேலதிகாரியைக் காட்டினார்கள். அவர் பாதுகாப்பு அதிகாரியைக் காட்டினார். அவர், தன்னால் முடிந்தால் செய்யமாட்டேனா என்றார். மேல்தளத்துக்காவது ஒரு பத்து நிமிஷம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். துறைமுகத்தில் நிற்கும்போது முடியாது என்றார். எல்லாரும் என்னை மேடம் என்று கூப்பிட்டார்கள், எல்லாரும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். இந்த மாதிரி அலைச்சல் எனக்குப் புதிது இல்லை. பத்தாம் வகுப்பில் அம்மா பின்னால் ஒவ்வொரு ஆபீசாகப் போனபோதும் இதே மாதிரிதான் அடுத்த மேசையைக் காட்டினார்கள். ஆனால் அன்றைக்கு யாரையாவது திட்டிக்கொண்டு நடக்க முடிந்தது.

திரும்பி வந்தபோது அம்மா தூங்கிவிட்டிருந்தாள். அப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அங்கயாச்சும் ஒசரத்துல ஒரு ஜன்னல் இருந்துச்சு" என்றார். ஜெயிலைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பத்தொன்பது வருஷத்தில் அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல ஆத்தா."

மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருக்க வேண்டும். கப்பல் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பியது. காவலுக்கிருந்த பெண் நாற்காலியை மடக்கிக்கொண்டு, கதவைத் தட்டி, இனிமேல் வெளியே வரலாம் என்று சைகை காட்டினாள். அப்பா அவளைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் வெளியே வரவில்லை. மிச்சப் பயணம் முழுக்கச் சாப்பிட மட்டும்தான் அறையை விட்டு வந்தார்.

சென்னையில் இறங்கியபோது நம் பக்கத்து அதிகாரிகள் அவரைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு போனது என்றுதான் நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து திருச்சி பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து கட்டுமாவடிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும், தற்காலிகக் காகிதத்தில் நாடு திரும்பியது உண்டா, திருப்பி அனுப்பப்பட்டது உண்டா என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் அதற்கும் இல்லை என்றே போட்டிருக்கிறார்கள். நான் அதில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும்தான் அப்பாவுக்குக் காட்டியிருந்தேன். உண்மையை மறைத்ததற்கு விளக்கம் தர வேண்டும் என்று தபாலில் இருந்தது.

அடுத்த வாரம் மணமேல்குடியிலிருந்து ஒரு ஏட்டையா விசாரிக்க வந்தார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து முக்கால் மணி நேரம் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். பிள்ளைகளும் வந்தன. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா திரும்பி வந்தபோது இதே தெரு ஆரத்தி எடுத்தது. இப்போது ஒருத்தி அம்மாவிடம், "கப்பல்ல ஏதும் கடத்திட்டு வந்தாகளா?" என்று தணிந்த குரலில் கேட்டாளாம். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் போனார்.

நான் விளக்கம் எழுதினேன். எல்லாம் என் தவறு, அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கேள்வியை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை என்று நாலு பக்கம். இலங்கைத் தூதரகத்துக்கும் தனியாக ஒன்று எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று தூதரகத்திலிருந்து ஒரு வரி வந்தது, அதற்குமேல் இதுவரை ஒன்றும் வரவில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்படி திருச்சியிலிருந்து உத்தரவு வந்தது.

ஒரு நாள் லீவு போட்டு அப்பாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். பாஸ்போர்ட்டைப் பாலிதீன் பையில் சுற்றி, அதன் மேல் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். கவுன்டரில் இருந்தவர் பையைப் பிரித்துப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, ரசீது ஒன்று கொடுத்தார்.

"இன்னமே எனக்குத் தர மாட்டீங்களா சார்?" என்று அப்பா கேட்டார். எங்கேயும் போகிற எண்ணம் இருந்து கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதெல்லாம் மேல முடிவு பண்ணுவாங்க பெரியவரே. லெட்டர் வரும்."

"சரிங்க" என்றார் அப்பா.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி நாலு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் காலையில் போகலாம் என்று கூப்பிட்டேன். காலையில் மீன் வரும், பெட்டி கட்ட ஆள் இல்லை என்றார். "நீ போ ஆத்தா. நான் அறந்தாங்கி போயி மாறிக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு நின்றிருந்த பஸ்ஸில் ஏறினார். டிரைவர் இன்னும் வரவில்லை. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்றேன். பஸ் கிளம்ப இருபது நிமிஷம் ஆனது. அதுவரை அப்படியே நின்றேன்.